அது நோக்கமில்லை பிள்ளை, அது வேலை



இந்த மாத மடல் எழுதுற முறை என்ரை. வாடகை பற்றி எழுதுறன் எண்டுதான் கூட்டத்திலை சொல்லியிருந்தன். ஆனால் போன மாதம் நடந்த ஒரு சின்ன விசயம் மண்டையை விட்டுப் போகுதில்லை. அதையே எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அம்மாவுக்கு இந்த வருடம் 65. ஸ்காபரோவில் முதியோருக்கான ஒரு பகல்நேர நிகழ்ச்சியில் சேர்த்துவிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். சேர முதல் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தது, நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன். நித்திரை வருகுதா, முழங்கால் நோகுதா, கடைசியாக எப்ப விழுந்தீர்கள். எல்லாத்துக்கும் அம்மா உடனே உடனே பதில் சொன்னா. பிறகு ஒரு வசனம் வந்தது: என் வாழ்க்கைக்குத் தெளிவான ஒரு நோக்கம் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணை வட்டமிட வேண்டும்.

"அம்மா, உங்கடை வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருக்கோ எண்டு கேக்கினம்."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. "நோக்கமோ? ஆருக்கு?"

பக்கத்தில் இன்னும் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். நானே ஐந்தை வட்டமிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

திரும்பி வரேக்கை, மார்க்கம் வீதிச் சிவப்பு விளக்கில் அம்மா கேட்டா: "அதுக்கு என்ன போட்டனி?"

"ஐஞ்சு."

"ஏன் ஐஞ்சு?"

"நீங்கள் எங்களுக்காகத்தானேம்மா வாழ்ந்தனீங்கள்."

விளக்கு பச்சையாகும் வரைக்கும் அவ ஒண்டும் சொல்லேல்லை. பிறகு யன்னலைப் பார்த்தபடி சொன்னா: "அது நோக்கமில்லை பிள்ளை. அது வேலை."

இந்த மடல் முழுக்க அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான்.

முதலில் என்னைப் பற்றிய ஓர் உண்மை. அம்மா "ஆருக்கு?" என்று கேட்ட உடனே எனக்குள் ஒரு கட்டுரை தயாராகிவிட்டது. வெள்ளைக்காரர் "நான் ஏன் வாழ்கிறேன்" என்று கேட்பார்கள், நாங்கள் "யாருக்காக வாழ்கிறேன்" என்று கேட்போம். அவர்களுக்குத் தனிமனிதன், எங்களுக்குக் குடும்பம், ஊர், உறவு. எழுத எவ்வளவு சுகமான கட்டுரை! நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதை எழுதியிருப்போம், அல்லது ஏதாவது மேடையில் சொல்லியிருப்போம். அம்மாவின் இரண்டாவது வசனம் வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அதைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்தக் கட்டுரை பிழை என்பதற்கு எண்களும் இருக்கின்றன. பியூ ஆய்வு மையம் 2021இல் 17 பணக்கார நாடுகளிலும் பிரதேசங்களிலும் ஒரே கேள்வியைக் கேட்டது: உங்கள் வாழ்க்கைக்கு அர்த்தம் தருவது எது? 14 இடங்களில் முதலாவதாக வந்த பதில் குடும்பம். கனடாவிலும் அதுதான். ஸ்பெயினில் உடல்நலமும், தென்கொரியாவில் வாழ்க்கை வசதியும், தாய்வானில் சமூகமும் முன்னுக்கு வந்தன. அதாவது "குடும்பம்தான் எங்களுக்கு எல்லாம்" என்பது எங்களுடைய தனிச்சொத்து இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியும் அதையேதான் சொல்லுவா.

இன்னோர் ஆய்வு இருக்கிறது, அது கொஞ்சம் ஆபத்தானது. ஷிகெஹிரோ ஒயிஷி, எட் டீனர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2014இல் 132 நாடுகளின் தரவுகளை வைத்து எழுதியது. வாழ்க்கையில் திருப்தி இருக்கிறதா என்று கேட்டால் பணக்கார நாட்டவர் கூடுதலாக ஆம் என்கிறார்கள். வாழ்க்கைக்கு முக்கியமான நோக்கமோ அர்த்தமோ இருக்கிறதா என்று கேட்டால் ஏழை நாட்டவர்தான் கூடுதலாக ஆம் என்கிறார்கள். இதற்குப் பெரிய காரணம் மதநம்பிக்கை என்று அவர்கள் விளக்குகிறார்கள்.

இதைக் கையில் எடுத்து என்னென்ன பேசலாம் என்று யோசித்துப் பாருங்கள். "பாருங்கோ, ஏழையளிட்டைக் காசில்லை, ஆனால் அர்த்தம் இருக்கு." சம்பளத்தைக் கூட்டாமல் விடுவதற்கு இதைவிட நல்ல சாட்டு உண்டா? தேயிலைத் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் இப்படித்தான் காலம் காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வசதியாக இருப்பவர்களின் காதில் அது அப்படித்தான் விழும்.

அங்கேதான் எங்கட மொழி உதவிக்கு வருகுது. தமிழில் "வாழ்க்கையின் பொருள்" என்கிறோம். அதே பொருள்தான் செல்வம், அதே பொருள்தான் கையால் தொடக்கூடிய பண்டம். திருக்குறளின் மூன்று பால்களில் மிகப் பெரியது பொருட்பால், 133 அதிகாரங்களில் 70. உழவு அதற்குள் இருக்கிறது. நல்குரவு, அதாவது வறுமை, அதுவும் அதற்குள்தான். அர்த்தத்தையும் அரிசியையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிற ஆட்கள் நாங்கள். யாராவது தன் வாழ்க்கையின் பொருள் என்ன என்று சொன்னால், மற்றப் பொருள் யாரிடம் இருந்தது என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

கேட்டுப் பார்ப்போம். முதலில் அம்மம்மா.

அம்மம்மா 1998இல் கனடாவுக்கு வந்தா. எனக்கு அப்ப ஒரு வயது. ஊரில் வெங்காயத் தோட்டம் செய்த மனுசி. கூலிக்கு ஆள் பிடித்து, வியாபாரியோடு விலை பேசி, காசை எண்ணி மடியில் கட்டிக்கொண்டு வருகிறவ. இங்கே ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டுக்குள் வந்து இருந்தா. அந்த யன்னலால் பார்த்தால் போறவை வாறவையின்ரை காலுகள் மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பின்னேர ஷிஃப்ட். என்னையும் தம்பியையும் வளர்த்தது அம்மம்மாதான்.

அவ செத்தபோது எனக்குப் பதினாலு வயது. 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடித்தார்கள். உங்களுக்குத் தெரியும்தானே, இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னாரின் அருமைத் தாய், பேரப்பிள்ளைகளின் ஆசை அம்மம்மா. வெங்காயத் தோட்டம் ஒரு வரியிலும் வரவில்லை. ஆங்கிலப் பக்கத்தை என்னிடம் எழுதச் சொன்னார்கள். அம்மம்மா எங்களுக்காகவே வாழ்ந்தா, நாங்கள்தான் அவவின் வாழ்க்கையின் அர்த்தம் என்று எழுதினேன். எல்லோரும் கண் கலங்கினார்கள். அந்த மலர் இப்பவும் வீட்டில் இருக்கிறது. இப்போது அதைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் நான் எழுதாமல் விட்டவை இவை. கனடாவில் முதியோர் ஓய்வூதியம் கிடைக்க 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருடங்கள் இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். பெற்றோரை ஸ்பொன்சர் செய்கிற பிள்ளை அவர்களின் செலவுக்குப் பொறுப்பென்று அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். அம்மம்மா வந்த காலத்தில் அது 10 வருடம். 2014இலிருந்து, கியூபெக் தவிர்ந்த இடங்களில், அது 20 வருடம். ஆக, சந்தையில் காசு எண்ணிய கை முதல் பத்து வருடம் பஸ் காசுக்கு மருமகனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பத்து வருடமும் அவ பார்த்த பிள்ளைப் பராமரிப்புக்கு யாரும் ஒரு சதம் கொடுக்கவில்லை. கொடுக்க எங்களிடமும் இல்லை. பின்னேரமும் இரவும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு எந்தப் பராமரிப்பு நிலையம் திறந்திருந்தது? 2022இல் ஒன்ராறியோ மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்த பிறகு பராமரிப்புக் கட்டணம் குறைந்தது நல்ல விசயம். ஆனால் ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிற தாய்க்கு இன்றைக்கும் அம்மம்மாதான் டேகெயார்.

அம்மம்மா எங்களை நேசிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நேசித்தா, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் வேறு எதையும் நேசிக்க அவவுக்கு இங்கே வழி இருக்கவில்லை. பஸ் காசும் மொழியும் தோட்டமும் இல்லாத ஒருவரிடம் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்து, அதற்குப் "பண்பாடு" என்று பெயர் வைத்துக் கும்பிட்டோம்.

இனி அம்மா. அவ வேலைக்குப் போன காலத்தில் ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 6 டொலர் 85 சதம். 1995 தொடக்கம் 2004 வரை, மைக் ஹரிஸ் அரசும் அதற்குப் பின் வந்த ஏர்னி ஈவ்ஸ் அரசும் அதில் ஒரு சதம் கூட்டவில்லை. வாடகை கூடியது, பாண் விலை கூடியது, பஸ் டிக்கெட் கூடியது. அந்த ஒன்பது வருடமும் அம்மா பெட்டி அடுக்கினா, லேபல் ஒட்டினா, ஊருக்கும் காசு அனுப்பினா. பிள்ளைகளுக்காக என்று சொல்லிச் சொல்லித்தான் அதைத் தாங்கியிருப்பா. அது பொய் இல்லை. ஆனால் சம்பளத்தை உறைய வைத்தவர்களுக்கு எங்கட அம்மாமாரின் இந்தப் "பிள்ளைகளுக்காக" எவ்வளவு லாபம்! எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் நாளைக்கும் வேலைக்கு வருவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

படிவம் நிரப்பிய அன்று இரவு தேத்தண்ணி ஊத்திக் குடுத்துவிட்டுக் கேட்டேன்: "அப்ப உங்கடை நோக்கம் என்னம்மா?" கனநேரம் கழித்துச் சொன்னா. ஏ.எல். முடித்த பிறகு ஊரில் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தாவாம். ஆசிரியராக வர வேணும் எண்டு ஆசை. பிறகு 83 வந்தது. வீட்டில் ஒருவரை வெளியில் எடுக்கத்தான் காசு இருந்தது, அது மாமாவுக்குப் போனது. அம்மாவுக்குக் கலியாணம் பேசினார்கள். "ஆரும் என்னை வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆரும் கேக்கேல்லை. அவ்வளவுதான்." 28 வருடம் அவவின் மகளாக இருக்கிறேன், கணிதத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. நானும் கேக்கேல்லை.

சரி, அம்மாமாரின் கதை இது. எங்கட தலைமுறைக்கு என்ன?

எங்களிடம் எல்லோரும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில், வேலைக்கான நேர்முகத்தில், இன்ஸ்ராகிராமில்: உன் நோக்கம் என்ன, உன் ஆர்வம் எது? நாலு வட்டங்கள் ஒன்றை ஒன்று வெட்டுகிற அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். உனக்கு விருப்பமானது, நீ திறமையாகச் செய்வது, உலகத்துக்குத் தேவையானது, காசு கிடைப்பது. நடுவில் "இக்கிகாய்", யப்பானியரின் வாழ்க்கை ரகசியம். அந்தப் படம் யப்பானில் வரையப்பட்டதே இல்லை. மேற்கில் வேறு பெயரில் இருந்த ஒரு படத்தின் நடுவில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

யப்பானில் அந்தச் சொல்லைப் பற்றி 1966இல் புத்தகம் எழுதியவர் மியெக்கோ காமியா என்ற மனநல மருத்துவர். தொழுநோயாளர்களை அடைத்து வைத்திருந்த நாகஷிமா என்ற தீவில் வேலை செய்தவர். அந்த நோயாளர்களைத் தனிமைப்படுத்த ஒரு சட்டமே இருந்தது, 1996இல்தான் அதை நீக்கினார்கள். அரசாங்கம் ஒரு தீவில் தள்ளிவிட்ட மனிதர்கள் எதைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்கிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. தீவையும் சட்டத்தையும் நோயாளரையும் கழித்துவிட்டு, காசு கிடைக்கிற வட்டம் ஒன்றைச் சேர்த்து எங்களுக்கு விற்கிறார்கள். அம்மம்மாவின் நினைவு மலரில் நான் செய்ததும் ஏறக்குறைய இதேதான்.

இப்போது எங்களுக்கு நோகிற இடத்துக்கு வருகிறேன்.

2009 மே 10. ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். பின்னேரம் கார்டினர் நெடுஞ்சாலையில் எங்கட சனம் ஏறி இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா என்ரை கையை விடவே இல்லை. கார்கள் ஓடுகிற தெருவில் குழந்தை வண்டில்களோடு அம்மாமார் நின்றார்கள். எட்டு நாளில் எல்லாம் முடிந்தது. "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று யாராவது கேட்டால் எங்களில் பாதிப்பேர் அந்த நாளைத்தான் சொல்லுவோம். எனக்கும் நோக்கம் என்று ஒன்று வந்தது அன்றைக்குத்தான். ஆனால் அது வரேக்கை கடனாகத்தான் வந்தது. செத்தவர்களுக்குக் கடன், தப்பி வந்ததுக்குக் கடன், அம்மாவின் முழங்காலுக்குக் கடன்.

போன மாரியில் நான் மூன்று மாதம் கூட்டங்களுக்கு வரேல்லை. சிலர் விசாரித்தீர்கள், வேலை கூட என்று சொன்னேன். உண்மை அதில்லை. எழும்ப ஏலாமல் கிடந்தேன். அந்த நேரம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது என்ன தெரியுமா? "அம்மா 6 டொலர் 85க்கு ஒன்பது வருசம் நிண்டவ, உனக்கென்ன வந்தது?" அம்மாவை வருத்திய அதே சாட்டையை எடுத்து எனக்கு அடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கட அரசியலில் "தியாகம்", "அர்ப்பணிப்பு" என்ற சொற்கள் எவ்வளவு லேசாக வருகின்றன. அவை யாரிடம் கூடுதலாகக் கேட்கப்பட்டன என்றும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பக் காசிருந்த வீட்டின் பிள்ளை தப்பியது, காசில்லாத வீட்டின் பிள்ளை அங்கேயே நின்றது. யாருடைய வாழ்க்கைக்குப் பெரிய நோக்கம் கொடுக்கப்பட்டது, யாருடைய வாழ்க்கைக்குப் படிப்பும் வேலையும் கொடுக்கப்பட்டது என்பதைச் சாதியும் வர்க்கமும் பாலினமும்தான் பெரும்பாலும் தீர்மானித்தன. இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்கிற எங்கட சின்னக் குழுவிலும் கூட்டம் முடிய யார் கோப்பை கழுவுகிறார்கள், யார் பத்து மணிக்கும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ.

"அப்ப ஆளாளுக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டு போகட்டும் எண்டுறியா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. ஒருவருக்காக ஒருவர் வாழ்வது நல்லது, அதுக்காகத்தானே இங்கே இருக்கிறோம். எனக்கு வேண்டியது அந்தப் பாரம் ஒரே ஆட்களின் முதுகில் ஏறாமல் இருப்பது. விருப்பத்தோடு சுமக்கிறவருக்கும் இறக்கி வைக்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

ஆகவே மூன்று விசயம் முன்வைக்கிறேன், அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.

முதலாவது, ஓய்வூதியத்துக்கான 10 வருட விதியையும் 20 வருடக் கையெழுத்தையும் எங்கட கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். இது தமிழருக்கு மட்டுமான பிரச்சினை இல்லை. பேரப்பிள்ளை பார்க்க வந்த பஞ்சாபிப் பாட்டியும் சீனத் தாத்தாவும் பிலிப்பீனோ அம்மாவும் இதே விதிக்குள்தான் இருக்கிறார்கள். எங்கட பண்பாடு தனியானது என்று பேசிக்கொண்டிருந்தால் இவர்கள் எங்கட கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

இரண்டாவது, கூட்டங்களில் பிள்ளைகளைப் பார்க்க ஒருவர், சமையலுக்கும் கழுவலுக்கும் முறை வைத்த பட்டியல், ஒன்பது மணிக்கு முடிவு. களைத்தவர் காரணம் சொல்லாமல் விலகி நிற்கலாம், திரும்பி வரலாம்.

மூன்றாவது, மூத்தவர்களின் கதைகளைப் பதிவு செய்கிற எங்கட வேலைத் திட்டத்தில் கேள்விகளை மாற்றுவோம். என்ன இழந்தீர்கள், யாருக்காகக் கஷ்டப்பட்டீர்கள் என்று மட்டும் கேட்டு வந்திருக்கிறோம். உங்களுக்கு என்ன விருப்பமாக இருந்தது என்றும் கேட்போம்.

அந்தக் கடைசிக் கேள்விக்குக் கூட்டம் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தக் கிழமையே வீட்டில் கேளுங்கோ. உடனே பதில் வராது. "உனக்கென்ன விசரா" என்றுதான் முதலில் வரும். தேத்தண்ணி போட்டுக் குடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கோ. அம்மாமாரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், உங்களையும் ஒருக்கால் கேளுங்கோ.

அம்மா இப்போது அந்தப் பகல்நேர நிகழ்ச்சிக்குச் செவ்வாயும் வியாழனும் போகிறா. பின்னல் பிடிக்கவில்லையாம், சாப்பாட்டுக்கு உப்புக் காணாதாம். போன கிழமை கேட்டேன், அந்தப் படிவத்தை இப்ப தந்தால் எத்தனை போடுவீங்கள் எண்டு. கொஞ்சம் யோசிச்சுப்போட்டுச் சொன்னா: "மூண்டு. மிச்சம் ரெண்டும் பாப்பம்."

தோழமையுடன்,
கூட்டத்தில் சந்திப்போம்.